அணைக்கும் இடம் எங்கே? விண்டோஸ் 8 தந்த தடுமாற்றமும் அதன் காரணங்களும்

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளியான பிறகு, அது உள்ள புது லேப்டாப் வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் விண்டோஸ் பழகியவர். கடிதம் அடிப்பார், கணக்குப் போடுவார், படம் ஒட்டுவார், பிரிண்ட் எடுப்பார். இன்றைய வேலை முடிந்தது. அணைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கை தானாக மவுஸைத் திரையின் இடது கீழ்மூலைக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஸ்டார்ட் பட்டன் இல்லை.

விண்டோஸ் 8இல் அணைக்கும் வழி இதுதான். மவுஸை வலது ஓரத்தின் மேல்மூலையிலோ கீழ்மூலையிலோ முட்டும்வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஐந்து சின்னங்கள் மங்கலாக எட்டிப் பார்க்கும். விளிம்பை விட்டு விலகாமல் அவற்றை நோக்கி நகர்த்தினால்தான் அவை கறுப்புப் பட்டையாக நிலைக்கும். விலகினால் மறைந்துவிடும். ஐந்தில் கடைசியாக இருக்கும் செட்டிங்ஸைச் சொடுக்கினால் இன்னொரு பட்டை வரும். அதன் அடிப்பகுதியில் பவர். அதைத் திறந்தால் ஷட் டவுன். இத்தனையும் செய்ய முடியும் என்பதற்கு, மூலைக்கு மவுஸ் போகும்வரை, திரையில் ஒரு புள்ளி அடையாளம்கூடக் கிடையாது.

விண்டோஸ் 8ஐப் பற்றிப் பேசும்போது பலரும் அதை விஸ்டாவோடு சேர்த்து 'சரியாக வேலை செய்யாத விண்டோஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. 2007இல் வந்த விஸ்டாவின் சிக்கல் வேறு. அது கனத்தது, மெதுவானது, பழைய பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் அதோடு ஒத்துப்போகவில்லை. விண்டோஸ் 8 அப்படி இல்லை. வேகமாகத் திறந்தது. விண்டோஸ் 7 ஓடிய கணினியிலேயே ஓடியது. அடிக்கடி உறைந்துபோகவும் இல்லை. எந்திரமாகப் பார்த்தால் நல்ல எந்திரம். ஆனாலும் அதன் முன்னால் உட்கார்ந்தவர்கள் தவித்தார்கள். பிழையே இல்லாமல் ஓடும் ஒரு மென்பொருள் மோசமான மென்பொருளாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டன் எப்படி வந்தது

ஸ்டார்ட் பட்டன் 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95ஓடு வந்தது. யாரோ ஒரு வடிவமைப்பாளர் ஒரு நாள் காலையில் நினைத்துக்கொண்டு வைத்ததல்ல அது. அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1இல் புதியவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆட்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துப் பார்த்தது. புரோகிராமை எங்கிருந்து திறப்பது என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஒரு விண்டோவின் மேல் இன்னொன்று வந்து மூடிவிட்டால், கீழே இருப்பது போய்விட்டது என்றே நினைத்தார்கள். இரட்டைச் சொடுக்கு பெரிய தடையாக இருந்தது.

புதிய வடிவத்தின் ஆரம்பப் பதிப்புகளில் திரையின் அடியில் மூன்று பட்டன்கள் இருந்தன: சிஸ்டம், ஃபைண்ட், ஹெல்ப். அதிலும் ஆட்கள் குழம்பினார்கள். மாற்றி மாற்றிச் சோதித்துக் கடைசியில் மூன்றையும் ஒன்றாக்கி, அதன்மேல் 'ஸ்டார்ட்' என்ற சொல்லையே எழுதிவைத்தார்கள். கீழே மறைந்த விண்டோக்கள் தொலைந்துபோகாதிருக்க, திறந்திருப்பவற்றைத் திரையின் அடியில் வரிசையாகக் காட்டும் டாஸ்க்பார் வந்தது. அதோடும் விடவில்லை. விண்டோஸ் 95ஐ முதன்முதலாகத் திறந்தவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால், 'தொடங்க இங்கே சொடுக்கவும்' என்ற வாசகத்தோடு ஒரு அம்புக்குறி டாஸ்க்பாரில் நகர்ந்து வந்து ஸ்டார்ட் பட்டனில் முட்டி நிற்கும். எதிரே இருப்பவர் தயங்கி உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்துச் செய்த வேலை அது. எனக்கு அந்த அம்புக்குறியின் மேல் இன்றும் மரியாதை உண்டு.

விண்டோஸ் 8ஐ முதன்முதலாகத் திறந்தவருக்கும் ஒரு குறிப்பு காட்டப்பட்டது. பயனர் கணக்கு தயாராகும் சில நொடிகளில், மவுஸை ஏதாவது ஒரு மூலைக்கு நகர்த்துங்கள் என்று ஒரு சின்ன அசைபடம். எந்த மூலையில் என்ன கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. அதை ஒருமுறை தவறவிட்டவருக்கு வேறு வழிகாட்டி இல்லை.

இடையில் ஓடிய 17 வருடங்களில் அந்த இடது மூலை கைக்குப் பழகிய இடமாகிவிட்டது. நம் ஊரில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்களிடம் கேட்டால் தெரியும். முதல் நாள் பாடமே அதுதான். கோடு போட்ட நோட்டில் 'ஸ்டார்ட், அதற்குள் புரோகிராம்ஸ், அதற்குள் அக்சஸரீஸ், அதற்குள் பெயிண்ட்' என்று அம்புக்குறி போட்டு எழுதிக்கொள்வார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள்கூட அந்த நோட்டை வைத்துக்கொண்டு வேலை கற்றார்கள். டிடிபி கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பத்திர எழுத்தர் அலுவலகங்களிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களின் அறிவு பெரும்பாலும் இப்படி வந்ததுதான். மூளை யோசிக்கும் முன்பே கை போய்விடும். விண்டோஸ் 8 கைவைத்தது அந்த அறிவின்மேல்தான்.

எதற்காக எடுத்தார்கள்

2010 ஜனவரி 27 அன்று ஆப்பிள் ஐபேடை அறிமுகப்படுத்தியது. அதிலிருந்து தொடங்க வேண்டும். தொடுதிரைக் கணினி மைக்ரோசாஃப்டுக்குப் புதிதல்ல. பத்து வருடம் முன்னாலேயே டேப்லெட் பிசி என்று முயன்று பார்த்திருந்தது. ஆனால் பேனாவுக்கும் மவுஸுக்கும் செய்த விண்டோஸை விரலால் தொட்டு ஓட்டுவது சிரமமாக இருந்தது. ஐபேடோ விரலுக்காகவே செய்தது. அது விற்கத் தொடங்கிய வேகத்தைப் பார்த்து, எதிர்காலத்தில் ஆட்கள் கணினியே வாங்கமாட்டார்களோ என்ற பயம் அந்தத் துறை முழுக்கப் பரவியது.

அப்போது விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்தவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி. விஸ்டாவால் கெட்ட பெயரை 2009இல் விண்டோஸ் 7 மூலம் மீட்டுக்கொடுத்தவர். அவருடைய சொல்லுக்கு நிறுவனத்துக்குள் எடை இருந்தது. ஆப்பிள் மேக்குக்கு ஒரு இயங்குதளமும் ஐபேடுக்கு இன்னொன்றும் வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது: டேப்லெட்டுக்கும் மேசைக் கணினிக்கும் ஒரே விண்டோஸ், எதையும் விட்டுக்கொடுக்காத விண்டோஸ். 2011 ஜூனில் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் சினோஃப்ஸ்கியும் அவரோடு பணியாற்றிய ஜூலி லார்சன்-கிரீனும் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். வண்ண வண்ணச் சதுரங்கள் நிறைந்த முழுத்திரை. விரலால் தள்ளத் தள்ள நகர்கிறது. டேப்லெட்டில் பார்க்க அழகாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அதை ஏன் மேசைக் கணினிக்காரர் தலையிலும் கட்ட வேண்டும்? இதற்கு வியாபாரக் காரணம் ஒன்று இருந்தது என்பது என் கணிப்பு. புதிய வகை ஆப்களை விற்க மைக்ரோசாஃப்ட் ஒரு கடை திறந்தது. ஆப் எழுதுகிறவர்கள் வர வேண்டுமானால், 'இத்தனை கோடிப் பேர் பார்ப்பார்கள்' என்று காட்ட வேண்டும். டேப்லெட் சந்தையில் மைக்ரோசாஃப்டுக்கு ஆளே இல்லை. மேசைக் கணினிகளில் கோடிக்கணக்கான பேர் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கணினியைத் திறந்ததும் அந்தச் சதுரத் திரையில்தான் நிற்க வேண்டும் என்று வைத்துவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தத் திரையைத் தவிர்க்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்ததற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. 2011 செப்டம்பரில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக வெளியிட்ட முன்னோட்டப் பதிப்பில், விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் பழைய ஸ்டார்ட் மெனு திரும்பி வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த வழியும் மூடப்பட்டது. 2012 பிப்ரவரி பதிப்பில் பட்டனையே எடுத்துவிட்டார்கள். தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது.

அவர்கள் தந்த காரணம் புள்ளிவிவரம். சம்மதித்த பயனர்களின் கணினிகளிலிருந்து எதை எத்தனை முறை சொடுக்குகிறார்கள் என்ற கணக்கு மைக்ரோசாஃப்டுக்கு வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 7இல் டாஸ்க்பாரிலேயே புரோகிராம்களைக் குத்திவைக்க முடிந்ததால் ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்திருந்தது. பயன்பாடு குறைகிறது, ஆகவே தேவை குறைகிறது என்று முடிவு கட்டினார்கள்.

இந்த முடிவில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். ஊர் நடுவில் மணிக்கூண்டு இருக்கிறது. அதைப் பார்த்து மணி தெரிந்துகொள்கிறவர்கள் இன்று யாரும் இல்லை. எல்லார் கையிலும் செல்போன். அப்படி எண்ணிப் பார்த்தால் மணிக்கூண்டுக்குப் பயன் பூஜ்ஜியம். ஆனால் 'மணிக்கூண்டிலேர்ந்து இடதுபக்கம் திரும்பு, மூணாவது கடை' என்றுதானே வழி சொல்கிறோம்? ஸ்டார்ட் பட்டன் அப்படிப்பட்ட இடம். அன்றாடம் திறக்கும் நாலு புரோகிராமுக்கு அது தேவையில்லை. வழி தெரியாமல் போகும்போதும், எப்போதாவது தேவைப்படும் ஒன்றைத் தேடும்போதும், அணைக்கும்போதும் போய் நிற்க ஒரு இடம் வேண்டும். சொடுக்கு எண்ணிக்கையில் அது தெரியாது. சொடுக்கும் கைக்குரியவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

பட்டன் போனது கண்ணுக்குத் தெரிந்த காயம். உள்ளே இருந்த சிக்கல் இன்னும் ஆழமானது. விண்டோஸ் 8இல் பழைய டெஸ்க்டாப் அப்படியே இருந்தது. அதன் மேல் புதிய சதுர உலகம் ஒன்று உட்கார்ந்தது. மெட்ரோ என்ற பெயரில் அறிமுகமாகி, 2012 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டே அந்தப் பெயரைக் கைவிட்டது. ஆனாலும் எல்லாரும் மெட்ரோ என்றே சொன்னார்கள். இரண்டு உலகத்துக்கும் இடையில் சரியான வாசல் இல்லை.

ஒரு நிமிடம் டெஸ்க்டாப்பில் வேலை பார்க்கும் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். இடதுபுறம் வேர்டில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறார். மெயிலில் வந்த பிடிஎஃப் ஒன்றைப் பார்த்து அதில் உள்ள எண்களைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்குகிறார். திரை முழுக்க மாறிவிடுகிறது. கடிதம் இல்லை, டாஸ்க்பார் இல்லை, கடிகாரம் இல்லை. பிடிஎஃப் மட்டும் திரையின் நான்கு ஓரமும் தொட்டு நிற்கிறது. பார்த்தாயிற்று, மூட வேண்டும். வலது மேல்மூலையில் பெருக்கல் குறி இல்லை. பல வருடப் பழக்கம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. திரையின் உச்சி விளிம்பைப் பிடித்து, அடிவரை இழுத்துவந்து விட வேண்டும், அப்போதுதான் அது மூடும். இதைத் தானாகக் கண்டுபிடிக்க ஒருவருக்கு என்ன வழி இருக்கிறது? படத்தைத் திறந்தாலும் இதே கதை. மாற்ற முடியாதா என்றால் முடியும். எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும் என்ற பட்டியலைத் தேடிப்போய் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். தேடத் தெரிந்தவருக்குத்தான் அது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இரண்டு இருந்தது. டெஸ்க்டாப்பில் ஒன்று, மெட்ரோவில் ஒன்று. இதில் திறந்த பக்கம் அதில் தெரியாது. அமைப்புகளும் இரண்டு இடம்: பழைய கண்ட்ரோல் பேனல், புதிய பிசி செட்டிங்ஸ். சிலது இங்கே, சிலது அங்கே, சிலது பாதி இங்கே பாதி அங்கே. தேடல் பெட்டியில் விண்டோஸ் 7 எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 8 அதை ஆப், செட்டிங்ஸ், ஃபைல் என்று மூன்றாகப் பிரித்தது. அப்டேட் என்று அடித்தால் ஆப் ஒன்றும் இல்லை என்று வெறும் திரை காட்டும். பக்கத்தில் செட்டிங்ஸைச் சொடுக்கினால்தான் தேடியது கிடைக்கும். இருப்பதையே இல்லை என்று சொன்னால் தேடுகிறவர் நம்பிவிடுவார். மெட்ரோ ஆப்பில் பிரிண்ட் எடுக்க வேண்டுமானால் வலது ஓரத்துப் பட்டையில் 'சாதனங்கள்' என்பதற்குள் போய் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்ட் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவர் சாதனங்கள் என்ற சொல்லை ஏன் திறக்கப் போகிறார்?

யாக்கோப் நீல்சன் மென்பொருள் பயன்பாட்டு ஆய்வில் பல வருடங்கள் உழைத்தவர். 2012 நவம்பரில் கணினியில் அனுபவம் உள்ள 12 பேரை வைத்து விண்டோஸ் 8ஐச் சோதித்தார். புதியவர், தேர்ந்தவர் இருசாராருக்கும் இது ஏமாற்றமே என்பதுதான் அவர் கண்டது. இரண்டு உலகத்துக்கு இடையில் தாவுவதால் மூளைக்கு ஏறும் சுமை, ஒரே நேரத்தில் பல விண்டோக்களைப் பார்க்க முடியாமை, கண்ணுக்குத் தெரியாத கட்டளைகள் என்று அவர் அடுக்கிய குறைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசியாகச் சொன்னது. ஓரத்தில் மறைந்திருக்கும் பட்டையை ஒருமுறை சொல்லிக் கொடுத்தாலும் ஆட்கள் மறந்துவிட்டார்கள். கண்ணில் படாதது கருத்தில் நிற்பதில்லை.

மூலைகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் அவர்களிடம் கணக்கு இருந்தது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் கண்ட விதி ஒன்று உண்டு: இலக்கு பெரியதாகவும் அருகிலும் இருந்தால் கை அதை வேகமாக எட்டும். திரையின் மூலையில் மவுஸ் முட்டி நின்றுவிடும் என்பதால் அது எல்லையற்ற அளவுள்ள இலக்கு. எட்டுவது எளிது என்பது உண்மைதான். ஆனால் எட்டுவதற்கு முன் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதோடு, திரை ஒன்றாக இருந்தால்தான் மவுஸ் முட்டும். இரண்டு மானிட்டர் பக்கம் பக்கமாக வைத்தவருக்கு, மவுஸ் நடு மூலையைத் தாண்டி அடுத்த திரைக்கு வழுக்கிப் போகும். இன்னொரு கணினியைத் தன் திரையில் ஒரு சின்ன விண்டோவுக்குள் திறந்து வேலை பார்ப்பவருக்கு மூலை என்பதே ஒரு மயிரிழை. இதில் என்னை மிகவும் வருத்தியது, இதே மெட்ரோ திரையையும் இதே மூலைகளையும் 2012 செப்டம்பரில் வந்த விண்டோஸ் சர்வர் 2012இலும் வைத்ததுதான். சர்வர் என்பது யாரும் விரலால் தொடாத பெட்டி. அதைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து, ஒரு விண்டோவுக்குள் திறந்துதான் பார்ப்பார்கள்.

நம்மைப் போல இரண்டு மொழியில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தனி இடைஞ்சலும் இருந்தது. விண்டோஸ் 7 வரை விசைப்பலகை மொழி ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி. வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டு மாறிமாறி அடிக்கலாம். அந்தந்த விண்டோ அதனதன் மொழியை நினைவில் வைத்திருக்கும். விண்டோஸ் 8 அதை மொத்தக் கணினிக்கும் ஒன்றாக்கியது. இங்கே தமிழுக்கு மாற்றினால் அங்கேயும் தமிழ். பிரவுசரில் முகவரி அடிக்கப் போனால் தமிழ் எழுத்து வந்து விழும், அழித்து, மாற்றி, மறுபடி அடிக்க வேண்டும். பழையபடி வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குள் மேம்பட்ட அமைப்புகளில் ஒரு பெட்டியில் குறி போட வேண்டும். ஒரே மொழியில் எல்லா வேலையையும் முடிப்பவர்களுக்கு இந்த மாற்றம் நடந்ததே தெரிந்திருக்காது. அதே விண்டோஸ் 8தான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு நிர்மலா என்ற நல்ல எழுத்துருவையும் தந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணு

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பில் ஊர் உலகத்துக்கே தெரிந்த முதல் வைத்தியம் இதுதான். எது கோளாறானாலும் ஒருமுறை அணைத்துத் திற. விண்டோஸ் 8 இந்த வைத்தியத்தையே சத்தமில்லாமல் மாற்றியது.

வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு உத்தி வைத்தார்கள். ஷட் டவுன் கொடுத்தால் திறந்திருக்கும் புரோகிராம்கள் மூடும், ஆனால் இயங்குதளத்தின் கருப்பகுதி முழுதாக அணையாது. அது இருந்த நிலை அப்படியே ஹார்டு டிஸ்கில் எழுதிவைக்கப்படும். மறுநாள் திறக்கும்போது புதிதாகத் தொடங்காமல் அந்த நிலை திரும்ப ஏற்றப்படும். வேகம் கிடைத்தது உண்மை. ஆனால் கருப்பகுதியிலோ, சாதனங்களை இயக்கும் டிரைவரிலோ இருக்கும் கோளாறும் அப்படியே மறுநாளைக்கு வந்து சேர்ந்தது. முழுதாக அணைந்து திறக்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அதாவது, பயனர் மனதில் 'சும்மா மூடித் திறப்பது' என்று இருக்கும் ரீஸ்டார்ட்தான் ஆழமானது. 'முழுதாக அணைப்பது' என்று இருக்கும் ஷட் டவுன் மேலோட்டமானது. சொல்லும் பொருளும் இடம் மாறிவிட்டன, சொல் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் விண்டோஸையும் சேர்த்து ஒரே கணினியில் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருப்பதால் அந்த டிஸ்க் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுத முடியாது, எழுதினால் கோப்புகள் கெடும் ஆபத்து.

சர்வீஸ் ஆட்களின் இன்னொரு ஆயுதம் எஃப்8. திறக்கும்போதே அதை அழுத்தினால், அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குப் போகலாம். விண்டோஸ் 8இல் அந்தச் சாவியை அழுத்தக் கிடைக்கும் இடைவெளி 200 மில்லிநொடிக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்டே 2012 மே மாதம் விளக்கியது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குப் பதிலாக விண்டோஸுக்குள் போய், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னார்கள். திறக்காமல் அடம்பிடிக்கும் கணினிக்குள் எப்படிப் போவது? திறப்பதில் தொடர்ந்து தோற்றால் தானாகப் பழுதுநீக்கும் திரைக்குப் போகும் ஏற்பாடு இருந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்க, எஃப்8ஐத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றும் நடக்காமல் விழித்த மெக்கானிக்குக்கு அதை யார் சொன்னார்கள்?

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம் இருக்கிறது. மோசமான கத்தரிக்கோல் துணியை வெட்டாவிட்டால் தையல்காரர் கத்தரிக்கோலைத்தான் திட்டுவார். மோசமான இயங்குதளம் முன்னால் உட்கார்ந்தவர் தன்னைத்தான் திட்டிக்கொள்வார். 'எனக்கு இதெல்லாம் புரியாது', 'வயசாயிடுச்சு', 'நான் படிச்ச கம்ப்யூட்டர் வேற'. அணைக்கத் தெரியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடும் அந்தக் கூச்சம் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாது. பத்து வருடம் உழைத்துச் சேர்த்த தன்னம்பிக்கையை ஒரே இரவில் பறித்துவிட்டு, பறிகொடுத்தவரையே குற்றவாளியாக உணரவைப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சந்தை சொன்ன பதில்

புதியது வந்தால் கணினி விற்பனை கூடும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. 2013இன் முதல் மூன்று மாதத்தில் உலகக் கணினி விற்பனை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 13.9 சதவீதம் விழுந்ததாக ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. விண்டோஸ் 8 சந்தைக்கு உதவாததோடு, அதை மந்தப்படுத்தியதாகவும் தெரிகிறது என்பது அந்த நிறுவனத்தின் கருத்து. முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. டேப்லெட்டும் செல்போனும் கணினிக்கான பணத்தைத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

டேப்லெட் பக்கமும் ஒன்றும் சரியாக அமையவில்லை. விண்டோஸ் ஆர்டி என்று, செல்போன்களில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சில்லுகளுக்கென்று ஒரு பதிப்பு வந்தது. பார்க்க விண்டோஸ் 8 மாதிரியே இருக்கும், டெஸ்க்டாப்கூட இருக்கும். ஆனால் அதில் பழைய விண்டோஸ் புரோகிராம் எதையும் நிறுவ முடியாது. பெயரும் முகமும் ஒன்று, உள்ளே வேறு. 499 டாலரில் தொடங்கிய சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் தேங்கிப்போய், 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. சினோஃப்ஸ்கி அதற்கு வெகு முன்பே, விண்டோஸ் 8 வெளியான மூன்றாம் வாரத்திலேயே விலகியிருந்தார்.

இதற்கிடையில் மற்றவர்கள் பட்டனை விற்கத் தொடங்கினார்கள். ஸ்டார்டாக் என்ற நிறுவனம் ஸ்டார்ட்8 என்ற மென்பொருளை 4.99 டாலருக்கு விற்றது. கிளாசிக் ஷெல் இலவசமாகவே கிடைத்தது. லெனோவா தன் கணினிகளில் வேறொரு நிறுவனத்தின் ஸ்டார்ட் மெனுவைச் சேர்த்தே தருவதாக 2013 ஆகஸ்டில் அறிவித்தது. கணினி தயாரிக்கும் பெரிய நிறுவனமே இயங்குதளத்தின் குறையை ஒட்டுப்போட்டு விற்கும் நிலை வந்தது.

2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 வந்தது. பட்டன் திரும்பியது, மெனு திரும்பவில்லை. சொடுக்கினால் அதே சதுரத் திரைதான். நேராக டெஸ்க்டாப்புக்குத் திறக்கும் வசதியும், தேடலை மீண்டும் ஒன்றாக்கியதும் உருப்படியான மாற்றங்கள். அடுத்த மேம்பாடு 2014 ஏப்ரல் 8 அன்று: மெட்ரோ ஆப்களின் உச்சியில் மவுஸ் போனால் பெருக்கல் குறியோடு ஒரு பட்டை வந்தது, முகப்புத் திரையிலேயே பவர் பட்டன் தெரிந்தது.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அதே 2014 ஏப்ரல் 8 அன்றுதான் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. 2001இலிருந்து எக்ஸ்பியிலேயே ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும், இனிப் பாதுகாப்புத் திருத்தம் கிடையாது, மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்ட நாள். அன்றைக்குக் கடையில் முன்வரிசையில் இருந்த புதிய விண்டோஸ் இதுதான். ஐந்து வருடம் பழைய விண்டோஸ் 7ஐத் தேடிப்பிடித்து வாங்கியவர்கள் பழமைவாதிகள் அல்லர். தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்ய விரும்பியவர்கள்.

மெனு 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10ஓடு திரும்பி வந்தது. மெட்ரோ ஆப்கள் பெருக்கல் குறியோடு சாதாரண விண்டோவாகத் திறந்தன. வலது ஓரத்துப் பட்டை போய்விட்டது. விண்டோஸ் 8இன் நல்லவை தங்கின: வேகத்தைக் கோட்டுப்படமாகக் காட்டி, நடுவில் நிறுத்திவைக்கவும் விடும் கோப்பு நகலெடுப்பு, தெளிவான டாஸ்க் மேனேஜர், கூடவே வரும் வைரஸ் தடுப்பு. இவற்றைச் செய்த பொறியாளர்களின் உழைப்பு அந்த முகப்புத் திரையின் பெயரால் மறைந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

இரண்டு குடித்தனம் மட்டும் இன்னும் முழுதாகக் காலியாகவில்லை. விண்டோஸ் 11இலும் செட்டிங்ஸ் ஒரு பக்கம், கண்ட்ரோல் பேனல் ஒரு பக்கம். அரைகுறையாக அணைக்கும் அந்த ஷட் டவுனும் பெரும்பாலான கணினிகளில் இயல்பாகவே இயங்குகிறது. உங்கள் கணினியில் பிரிண்டரோ வைஃபையோ மக்கர் செய்து, அணைத்துத் திறந்தும் சரியாகவில்லை என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அடிக்கடி நடந்தால் அந்த வசதியையே நிறுத்திவிடலாம். செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கண்ட்ரோல் பேனலைத் திறந்து, பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே 'தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று' என்ற ஒரு வரி இருக்கும். முதலில் அதைச் சொடுக்கினால்தான், கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குறியை எடுக்க விடும்.